வயலில் நிற்கும் யானையும் நாம் படிக்கும் நூல்களும்

விலங்குகளைப் பற்றிய நூல்கள் என்றதும் நம்மவர்களின் நினைவு பாலர் வகுப்புக்கே போகின்றது. காகமும் நரியும், ஆமையும் முயலும் என்று தொடங்கி ஒரு நீதியோடு முடிகின்ற கதைகளை ஐந்தாம் வகுப்போடு கட்டிப் பரணில் போட்டுவிடுகின்றோம். வளர்ந்தவர்கள் படிக்க வேண்டியவை அரசியல், பொருளாதாரம், காதல், குடும்பம். மிருகங்கள் குழந்தைகளுக்கும் மிருக வைத்தியருக்கும் உரியவை என்பது எழுதப்படாத சட்டம். இச்சட்டம் வேறெந்த ஊரில் செல்லுபடியானாலும் செட்டிகுளத்தில் செல்லுபடியாகாது என்பதே நமது கட்சி.

செட்டிகுளத்திலே விலங்கு என்பது சுவரில் தொங்கும் படமன்று. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதியும் இருப்புப் பாதையும் இப்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றன. தெற்கே அருவியாறு, அதற்கும் அப்பால், தென்மேற்கே வில்பத்துக் காடு, வடமேற்கே மடுக்காடு. இடையிலே சிறு சிறு குளங்களும் அவற்றின் கீழ் வயல்களும் கிடக்கின்றன. பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலத்தில் யானைக்குப் பயந்து உறங்காத இரவுகள் இங்குள்ளோருக்குப் பழக்கமானவை. பன்றி, குரங்கு, மயில் என்பன காலநேரம் பாராமல் வருவன. காவற் கொட்டிலில் விழித்திருக்கும் கமக்காரனுக்கு விலங்கைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கல்ல. வங்கிக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உயிரும் அதிலே தங்கியிருக்கின்றன.

நாம் இப்பகுதியில் ஆசிரியத் தொழில் பார்ப்பவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பழைய வாசிகசாலைக் கட்டடமொன்றில், ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் ஓரிரு கமக்காரரும் கூடி நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். விலங்குகளைப் பற்றிய இலக்கியம் என்ற விடயத்தை நாம் எடுத்துக்கொண்ட வேளையில், அறுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர், "மாஸ்டர், யானையைப் பற்றிப் புத்தகம் எழுதின ஆக்களிலே ஆராவது ஒருநாள் யானைக்குக் காவல் இருந்தவையோ?" என்று கேட்டார். பலர் சிரித்தனர். ஆயினும் அக்கேள்வியில் ஓர் இலக்கிய அளவுகோல் இருக்கின்றதென்பதைச் சிந்தித்தபோது கண்டுகொண்டோம். விலங்கை அறிந்தும், அவ்விலங்கோடு கட்டுண்டு கிடக்கும் மனிதனை அறிந்தும் எழுதப்பட்டதா என்று ஒவ்வொரு நூலையும் கேட்டுப் பார்த்தோம். அவ்வாறு கேட்டபின் எஞ்சிய நூல்களையே இங்கு பரிந்துரைக்கின்றோம்.

நூல்களுக்குப் போகுமுன் நம் முன்னால் நிற்கும் உண்மையை நோக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் யானைக்கும் மனிதனுக்குமிடையிலான மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். துப்பாக்கியும் மின்சாரக் கம்பியும் ஒருபுறமிருக்க, பூசணிக்காய் போன்ற தீனிக்குள் ஒளித்துவைக்கப்படும் வெடி இருக்கின்றதே, அது கொடுமையிலும் கொடுமை. பன்றிக்கென்று வைத்ததை யானைக் கன்று கடிக்கும், தாடை சிதறும், பசியோடு பல நாள் நின்று சாகும். மறுபக்கத்தில், மாடு பார்க்கப் போன தகப்பன் விடிந்தும் வீடு திரும்பாத குடும்பங்களும் இருக்கின்றன. இரு தரப்புச் சாவும் ஏழைகளின் எல்லையிலேதான் நிகழ்கின்றன. தலைநகரில் இருந்துகொண்டு யானைக்காகக் கண்ணீர் விடுவோருக்கும், யானையை ஒழித்துக்கட்டு என்று முழங்குவோருக்கும் பொதுவாக அமைந்த அம்சம் ஒன்றுண்டு: இருவருடைய வயலையும் யானை மிதிப்பதில்லை.

இம்மோதல் இயற்கையின் விதி என்று சொல்பவர்களுக்குச் சரித்திரம் வேறு பதில் சொல்லும். எமர்சன் ரெனன்ற் என்ற ஆங்கில அதிகாரி 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் ஒரு கணக்குத் தருகின்றார்: 1848க்கு முன்னர், மூன்று ஆண்டிலும் குறைந்த காலத்துள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அரசாங்கம் கொடுத்த சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன. அதே காலத்தில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. வெள்ளைத் துரைமார் யானைச் சுடுகையை விளையாட்டாக நடத்தினர். 1854இல் வெளியான சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டை நூல் அந்த விளையாட்டின் பெருமைப் புராணம். விரும்பிப் படிக்க வேண்டிய நூலன்று அது. ஆனால் அறிந்துகொள்ளப் படிக்கவேண்டியது. மிருகத்தைக் கொல்வதும் நாட்டை ஆள்வதும் ஒரே கையின் இரு தொழில்களாக இருந்தமையை அதனைப் போல வெளிப்படையாகக் காட்டும் நூல்கள் சிலவே.

அந்தக் கையின் நடுக்கத்தைக் காட்டியவர் ஜோர்ஜ் ஓர்வெல். பர்மாவில் பொலிஸ் அதிகாரியாயிருந்த அவர், யானையொன்றைச் சுட்ட கதையை 1936இல் ஒரு கட்டுரையாக எழுதினார். மதம் தணிந்து அமைதியாகப் புல் மேயும் யானையைச் சுடவேண்டிய தேவை இல்லை. ஆனால் பின்னால் இரண்டாயிரம் பேர் கூடி நிற்கின்றார்கள். துரை கோழையென்று அவர்கள் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகச் சுடுகின்றான். அடக்கியாள்பவன் தன் முகமூடிக்குத் தானே அடிமையாகின்றான் என்பதைச் சில பக்கங்களிலே காட்டிவிடுகின்றார். அக்கட்டுரையில் நம்மை உறுத்துகின்ற இன்னொன்று உண்டு. அந்த யானை கொன்றது இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன ஒரு திராவிடக் கூலித் தொழிலாளியை. யானையின் விலை அந்தக் கூலியின் உயிரைவிடப் பெரிது என்று இளைய வெள்ளையர்கள் பேசிக்கொள்கின்றார்கள். விலங்குக்காக இரங்குவதாகச் சொல்லும் ஒவ்வொரு குரலிலும் இந்த விலைப்பட்டியல் ஒளிந்திருக்கின்றதா என்று கேட்டுப் பார்ப்பது நமக்கு நல்லது.

வேட்டையிலிருந்து உழவுக்கு வருவோம். நம் வாசகர்களுக்கு முதன்மையாக நாம் பரிந்துரைப்பது இந்திய நாட்டின் இரு பெரும் எழுத்தாளரின் மூன்று சிறுகதைகளை. முதலாவது பிரேம்சந்த் 1930இல் எழுதிய 'பூஸ் கீ ராத்' என்னும் பனிக்கால இரவுக் கதை. ஹல்கு என்ற ஏழை உழவன் கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாயைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு, கடுங்குளிரில் ஜப்ரா என்ற நாயைக் கட்டியணைத்தபடி பயிருக்குக் காவல் இருக்கின்றான். நீலான் கூட்டம் வயலுக்குள் இறங்குகின்றது. நாய் குரைத்து ஓய்கின்றது. அவனோ தீ அவிந்த சாம்பலின் சூட்டை விட்டு எழவில்லை. விடிந்தபோது பயிர் இல்லை. இனி இந்தக் குளிரில் இங்கே படுக்கவேண்டியதில்லை என்று அவன் மகிழ்கின்றான்! இக்கதையை நாம் உரத்துப் படித்து முடித்ததும், மேலே சொன்ன கமக்காரர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இவர் காவல் இருந்த ஆள்தான்" என்றார். இதைவிடப் பெரிய விமரிசனம் பிரேம்சந்துக்குத் தேவையில்லை.

அவருடைய இரண்டு காளைகளின் கதை (1931) இன்னொரு வகை. ஹீரா, மோத்தி என்ற எருதுகள் கொடிய எசமானிடமிருந்து தப்பி, வழியிலே கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் பட்டியில் சிறைப்படுகின்றன. பட்டியின் சுவரை மோத்தி முட்டி உடைக்கின்றது. ஏனைய பிராணிகள் ஓடிவிடுகின்றன; கட்டப்பட்டுக் கிடக்கும் தோழனை விட்டுப் போக மனமின்றி மோத்தி அங்கேயே நின்றுவிடுகின்றது. இந்திய விடுதலைப் போராட்டத்தின் நடுவில் எழுதப்பட்ட இக்கதையின் சுவர் எதுவென்று மாணவர்களுக்கு நாம் விளக்கவேண்டியிருக்கவில்லை. அதேவேளை எருது உருவகமாய்க் கரைந்துபோகவும் இல்லை. கழுத்துப் புண்ணும் பசியும் உள்ள உண்மை எருதாகவே நிற்கின்றது.

மூன்றாவது, வங்கத்துச் சரத் சந்திரரின் 'மகேஷ்'. கபூர் என்ற ஏழை முஸ்லிம் உழவனுக்கு ஒரு கிழ எருது. பசுவைத் தெய்வமென்று போற்றும் ஊர்ப் பெரியவர் அதற்கு ஒருபிடி வைக்கோல் கொடுக்க மறுக்கின்றார். மேய்ச்சல் நிலத்தை ஜமீன்தார் விற்றுவிட்டார். வரட்சியில், ஆத்திரத்தில், தான் பிள்ளைபோல் வளர்த்த எருதைத் தானே அடித்துக் கொன்றுவிட்டு, மகள் ஆமினாவைக் கையில் பிடித்துக்கொண்டு சணல் ஆலையை நோக்கி இரவோடிரவாக நடக்கின்றான் கபூர். நிலமிழந்த உழவன் ஆலைத் தொழிலாளியாக மாறும் வரலாற்றை எத்தனையோ நூல்களில் படித்திருக்கின்றோம். அந்த வரலாற்றுக்கு ஒரு மாட்டின் கண்ணீரும் சாட்சியென்று இக்கதை சொல்கின்றது. வன்னியில் மேய்ச்சல் தரைக்காக இன்றும் மனுக் கொடுத்து அலையும் பட்டிக்காரர்களுக்கு இது பிறநாட்டுக் கதையாகத் தோன்றாது.

ருஷ்ய இலக்கியத்துக்கு வந்தால் இரு குதிரைகள் நம் முன் நிற்கின்றன. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'கொல்ஸ்தோமெர்' கதையில் ஒரு கிழட்டுக் குதிரை தன் வரலாற்றைத் தானே சொல்கின்றது. 'என்னுடையது' என்ற சொல்லை மனிதர் ஏன் இத்தனை மோகத்தோடு உச்சரிக்கிறார்கள் என்பது அதற்கு விளங்கவில்லை. தன்னை உடைமையென்று சொல்பவன் தனக்குத் தீனி வைப்பதில்லை; தீனி வைப்பவனுக்குத் தான் உடைமையில்லை. தனியுடைமையைப் பற்றிய இத்தனை தெளிவான பாடத்தை ஒரு குதிரையின் வாயிலிருந்து பெறுவது சிறிது வெட்கத்துக்குரியதே. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1966இல் எழுதிய 'குல்சாரி' அடுத்தது. கிழவன் தனபாயும் அவனது குதிரையும் வழியிலே தளர்ந்து நிற்கும் ஓரிரவில் இருவருடைய வாழ்வும் விரிகின்றது. கூட்டுப்பண்ணைக்காக உழைத்துத் தேய்ந்தவன் கட்சியிலிருந்து வெளியேற்றப்படுகின்றான். காற்றாய்ப் பறந்த குதிரையைத் தலைவர் ஒருவர் தமது சவாரிக்கென்று பறித்துக் காயடிக்கின்றார். ஐத்மாத்தவின் தந்தையே 1938இல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் கொல்லப்பட்டவர். ஆயினும் இந்நூலில் பழிவாங்கும் குரல் இல்லை. ஒரு மகத்தான கனவை நேசித்தவன், அக்கனவின் பேரால் நடந்தவற்றை மறைக்காமல் சொல்லும் குரலே கேட்கின்றது.

இவ்விடத்தில் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' பற்றியும் சொல்லவேண்டும். 1945இல் வெளிவந்த இந்நூலைக் க. நா. சு. தமிழாக்கினார். நம்மிற் பலர் இதனை எதிரியின் ஆயுதமென்று ஒதுக்கி வந்தவர்கள். 1954இல் இதனைக் கேலிச்சித்திரத் திரைப்படமாக்க அமெரிக்க உளவுத்துறை பணம் கொடுத்தது உண்மை. ஆனால் எதிரி பயன்படுத்தினான் என்பதால் ஒரு நூல் பொய்யாகிவிடாது. 'இன்னும் கடினமாக உழைப்பேன்' என்ற எண்ணம் ஒன்றையே வாழ்வாகக் கொண்ட பாக்சர் என்ற வண்டிக் குதிரை, வலுவிழந்த அன்றே இறைச்சிக்காரனுக்கு விற்கப்படும் அத்தியாயத்தை உழைக்கும் வர்க்கத்தின் பக்கம் நிற்பவர்கள் தவிர்த்து ஓடுவது அழகன்று. குல்சாரியையும் பாக்சரையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு மாணவர்களுக்குச் சொல்கின்றோம். அதன்பின் நடக்கும் வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுகின்றோம்.

சோசலிசவாதியான ஜாக் லண்டன் 1903இல் எழுதிய நாவலைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழில் தந்திருக்கின்றார். சிறுவர் நூலென்று எண்ணி விட்டுவிடுதல் தவறு. தங்கவேட்டைக்காரரின் பேராசைக்காகச் சறுக்குவண்டியில் பூட்டப்பட்டுச் சாகும் நாய்களின் கதையை, உழைப்பின் விலை தெரிந்தவர்களே முழுமையாக உணரமுடியும்.

தமிழுக்கு வருவோம். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் நூலாகியது. தந்தையைக் குத்திக் கொன்ற காரியென்ற காளையை மகன் பிச்சி அணைகின்றான். ஊர் எதிர்பார்த்த வீரம் அங்கே நிறைவேறுகின்றது. ஆனால் தோற்ற காளையைச் சுட்டுக்கொல்பவர் அதன் சொந்தக்காரரான ஜமீன்தார். மாட்டுக்கும் மனிதனுக்கும் இடையில் பகையில்லை. இருவரையும் மோதவிட்டு மேடையில் அமர்ந்திருக்கும் மானத்துக்கே இரத்தம் தேவைப்படுகின்றது. செல்லப்பா இதை வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றார். கி. ராஜநாராயணனின் 'கிடை' என்ற குறுநாவலில் ஆட்டுக்கிடையின் வாழ்வு முழுவதும் விரிய, அதனூடே சாதியின் அநீதி ஒரு பெண்மேல் வந்து விழுகின்றது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016இல் வெளிவந்தது. தம் நாவலொன்றுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்த எழுத்தாளர், நீதிமன்றத் தீர்ப்பின்பின் ஒரு வெள்ளாட்டுக் குட்டியோடு திரும்பி வந்தார். குட்டியின் காது துளைக்கப்பட்டுக் கணக்கில் ஏற்றப்படும் இடம், வரிசையில் நின்று அடையாளம் காட்டிய அனுபவமுள்ள நம் மக்களுக்குச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதல்ல. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' (2011) வைத்தியர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வைத் தழுவியது. உல்லாசமாய் வந்தோர் காட்டில் எறிந்துபோகும் போத்தல் ஓடு யானையின் பாதத்துள் ஏறிச் செய்யும் கொலையை அதில் படித்தபின், நமது உயர்தர மாணவர்கள் குளக்கட்டில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கியெடுத்தனர். ஒரு கதை செய்த காரியம் இது.

விலங்கை விலங்காகவே நோக்கும் நூல்களும் வேண்டும். அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுதியாகக் கிடைக்கின்றன. தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். அவரது சொந்தக் கட்டுரைகளும், புலியைப் பற்றி உல்லாஸ் கரந்த் எழுதியதை அவர் தமிழாக்கிய 'கானுறை வேங்கை'யும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டியவை. உயிரினங்களுக்குத் தமிழில் இருக்கும் பெயர்களை மறந்து ஆங்கிலத்தில் பறவை காட்டும் வழக்கத்துக்கு இவை நல்ல மருந்து.

இத்தகைய அறிவு வெறும் அழகுணர்ச்சிக்கல்ல. இலங்கை நிலப்பரப்பின் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகின்றது என்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதம் மனிதர் வாழும் நிலமே என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றார்கள். யானையைச் சரணாலயத்துக்குள் துரத்தி வேலிபோட்டு அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இதனாற் பொய்க்கின்றது. இரு திணைக்களங்களின் காடுகளுக்கிடையே போட்ட மின்சார வேலியின் இருபுறமும் யானை நிற்கின்றது. வேலி காப்பது எதனை? மாறாக, ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி, கமக்காரர் தாமே பராமரிக்கும் வேலி பயன்தருகின்றது. இதை அறிந்த ஊர், தேர்தற் காலத்தில் வேலி தருவேன் என்று வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கும். அறியாத ஊர் கைதட்டும். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்ற யோசனை எழுந்தது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணுமாறு நாட்டு மக்கள் கேட்கப்பட்டனர். கேலி செய்து சிரிப்பது எளிது. விலங்கைப் பற்றிய பொது அறிவு வறண்ட சமூகத்தில் இவைபோன்றவையே திட்டங்களாகும் என்று உணர்வது கடினம்.

இலங்கை மண்ணிலிருந்து மூன்று நூல்கள். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட ஆங்கில நாவல், காட்டின் நடுவே பத்து வீடுகள் கொண்ட ஒரு கிராமம் பசியாலும் கடனாலும் தலைமைக்காரனின் வஞ்சத்தாலும் அழிந்து காடாகும் கதை. சேனை வெட்ட அனுமதிச் சீட்டு யாருக்குக் கிடைக்கின்றது என்பதில் அங்கே உயிரும் சாவும் அடங்கியிருக்கின்றன. அ. பாலமனோகரன் 1973இல் தந்த 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டையும் மக்களையும் உள்ளிருந்து சொன்ன வன்னி நாவல். அதன் பெயரே ஒரு பறவையின் பெயர். வன்னியில் நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றிய செங்கை ஆழியானின் 'யானை' இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

ஆனால் மிக முக்கியமான நூல் இன்னும் எழுதப்படவில்லை. 2009இல் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது பட்டி மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்ரெம்பரிலேயே அம்முகாம் மூடப்பட்டது. அவிழ்த்துவிட்ட மாடுகள் எங்கே போயின? குறி அழிந்தவை எத்தனை? சில காட்டில் கலந்தன. சில யார் யாருடைய லொறிகளிலோ ஏறின. திரும்பி வந்தபின் தன் பசுவின் பெயரைச் சொல்லிக் காட்டோரத்தில் நின்று கூப்பிட்ட மூதாட்டி ஒருத்தியை நாம் அறிவோம். பசு வரவில்லை. கபூருக்குச் சரத் சந்திரர் கிடைத்தார். ஹல்குவுக்குப் பிரேம்சந்த் கிடைத்தார். அந்த மூதாட்டிக்கு இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. மேலே சொன்ன நூல்களில் ஒன்றையேனும் இந்த மாதத்தில் தேடிப் படியுங்கள். தனியே படியாமல், எழுத்தறியாதாரும் இருக்கும் ஓரிடத்தில் உரத்துப் படியுங்கள். படித்து முடித்ததும் அவர்களைப் பேசவிடுங்கள். மாடு வளர்த்தவனும் காவல் இருந்தவனும் யானையால் மகனை இழந்தவளும் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாட்டுக்கு என்ன பெயர், எந்தக் குறி, எந்த ஆண்டில் போனது என்ற விபரங்களைக்கூட விடாதீர்கள். இந்த மண்ணின் நாவலை எழுதப் போகின்றவன் உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கக்கூடும். அவனுக்கு அந்தக் கொப்பி வேண்டியிருக்கும்.